பச்சை எஞ்சினும் வெள்ளைச் சுவரும்

“சுவர் என்ன நிறம் எண்டு போடுறது, தம்பி?”

இன்று மத்தியானம், லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவின் தேநீர்க்கடையில் எனக்கு முன்னால் இருந்த அக்கா கேட்டார். அவருடைய அகதி விண்ணப்பத்துக்கு, ஊரில் அவரை அடைத்துவைத்து அடித்த அறையைப் பற்றிய வாக்குமூலம் எழுதிக்கொண்டிருந்தேன். பேனாவை வைத்துவிட்டேன். என் பைக்குள், மச்சான், உன் அகதி விண்ணப்பத்துக்குப் பிரெஞ்சில் வந்த முதல் மறுப்புக் கடிதம் இன்னும் கிடக்கிறது. அதன் பின்பக்கத்தில் நீ கீறிய எஞ்சின் படம். அக்காவைத் தேத்தண்ணி குடிக்கச் சொல்லிவிட்டு அதை எடுத்து விரித்தேன்.

விக்டோரியா மகாராணி காலத்தில் லண்டனிலிருந்து வடக்கே பயணிகளைக் கடுகதியில் இழுத்துப்போன எஞ்சின் வகை. உன் பள்ளிக்கூட நூலகத்தில், அட்டை கிழிந்த ஆங்கிலப் புத்தகத்தில் கண்டாயாம். “பக்கத்துக்கு ஒரு பெரிய சக்கரம் மச்சான், எட்டடி. அது மட்டும்தான் இழுக்கும். மழைக்கு வழுக்கும். மணல் தூவித்தான் கிளப்புவினம்.” திரான்சியில் நாங்கள் ஐந்து பேர் படுத்த அறையில் இதைக் கேட்காத நாளில்லை.

“உன்ரை எஞ்சினுக்காவது விசா கிடைச்சிட்டுதோ?” என்று பெடியள் நக்கலடிப்பார்கள்.

“அது பிறந்ததே அங்கை. அதுக்கு என்னத்துக்கு விசா?” என்பாய்.

உணவகத்தில் கோப்பை கழுவி முடிந்த இடைவேளையில், தண்டவாளங்களுக்கு மேலே இருக்கும் பாலத்தில் போய் நிற்போம். இங்கிருந்து லண்டனுக்கு ஓடும் ரெயில் கீழே வழுக்கிக்கொண்டு போகும். “இதெல்லாம் எஞ்சினோ? ஓடுற ஐஸ்பெட்டி.” அதே பாலத்தில்தான் ஒருநாள், நான் கேட்காமலே சொன்னாய்: “ஊரிலை பிடிச்சுவைச்சு அவங்கள் அடிக்கேக்கை நான் அங்கை இல்லை மச்சான். எஞ்சின் பூட்டிக்கொண்டிருந்தன்.” மனதுக்குள் ஒவ்வொரு பாகமாகப் பொருத்துவாயாம். முதலில் சக்கரம். ஆரக்கால்களை எண்ணி முடிக்குமுன் அடுத்த அடி விழுந்தால் முதலிலிருந்து தொடங்குவாய். பிறகு கொதிகலன். கடைசியாகப் பச்சைப் பெயின்ற். பெயின்ற் வரைக்கும் போன நாள் நல்ல நாள்.

அகதி நேர்காணலில் அதிகாரி, உன்னை அடித்த அறையைப் பற்றிக் கேட்டார். நீ எஞ்சினைச் சொன்னாய். நடந்தது அதுதானே. மறுப்புக் கடிதத்தில், அறையைப் பற்றிய விவரங்கள் போதாது, விண்ணப்பதாரர் சம்பந்தமில்லாமல் ஒரு பழைய ஆங்கில நீராவி எஞ்சினைப் பற்றிப் பேசினார் என்று எழுதியிருந்தது. அதை உனக்கு மொழிபெயர்த்தவன் நான். கத்தியவனும் நான். “விசரா, உயிர்ப் பிரச்சினை இது! இனி எஞ்சின் எண்டு வாய் திறக்கக்கூடாது.”

மேன்முறையீட்டை நானே எழுதினேன். அடித்தவர்கள் மூன்று பேர், ஒரு பல்ப், வெள்ளைச் சுவர். எனக்கு அகதிக் கேஸ் எழுதித் தந்தவர் வெள்ளை என்று போட்டார். நானும் எல்லோருக்கும் வெள்ளையே போட்டேன். எல்லாரும் அப்படித்தான் எழுதினோம், பாடமாக்கினோம். உன் நேர்காணல் பதிவு கடிதத்தோடு வந்திருந்தது. பல பக்கங்கள். நான் வாசிக்கவில்லை. நான் எழுதிய கதை போதும் என்ற திமிர்.

கோப்பை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று உன்னைச் சோதித்தேன்.

“எத்தினை பேர்?”

“மூண்டு.”

“சுவர்?”

“பச்…”

“வெள்ளை!”

“வெள்ளை.”

திரும்பவும் எஞ்சினுக்குப் போகிறாய் என்றுதான் நினைத்தேன்.

விசாரணை நாளில் பின்வரிசையில் இருந்தேன். நீ பிசகாமல் ஒப்புவித்தாய். நான் வாசிக்காத அந்தப் பதிவின் பக்கங்களை நீதிபதி புரட்டினார். முதல் நேர்காணலில் சுவர் பச்சை என்றீர்கள், இப்போது வெள்ளை என்கிறீர்கள், எது சரி? மொழிபெயர்ப்பாளர் இரண்டாம் தரமும் கேட்டார். நீ திரும்பி என்னைப் பார்த்தாய். நான் நிலத்தைப் பார்த்தேன்.

“எனக்குத் தெரியாது. நான் சுவரைப் பார்க்கேல்லை,” என்றாய்.

நீ கண்டது எஞ்சினின் பச்சையை மட்டும். அன்று அந்த மண்டபத்தில் சொல்லப்பட்ட ஒரே உண்மை அது. அதுதான் உன்னைக் கவிழ்த்தது. அடிவாங்குகிறவன் சுவரின் நிறத்தைக் குறித்துவைக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள்மேல் எனக்கு இன்றும் கொதிக்கிறது. ஆனால் அந்தக் கொதிப்புக்குப் பின்னால் நான் ஒளிய முடியாது. வெள்ளை அடித்தவன் நான்.

வெளியே மழை. நீ என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். “வழுக்கிப் போச்சு மச்சான்,” என்று சிரித்தாய். சில கிழமைகளில் இரண்டாம் மறுப்பும் வந்தது; லண்டனுக்குப் படகேற வடக்குக் கரைக்குப் போனாய். “அங்கை ஒண்டை மியூசியத்திலை வைச்சிருக்கினம். சக்கரத்தைத் தொட்டுப் பார்க்கவேணும்.” போகாதே என்று சொல்ல எனக்கு என்ன முகம் இருந்தது? ரப்பர்ப் படகு கவிழ்ந்த செய்தி மூன்று வரியில் வந்தது. பெயர்கள் இல்லை. அதற்குப் பிறகு உன் தொலைபேசி எடுபடவில்லை.

அக்காவின் தேத்தண்ணி முடிந்துவிட்டது.

“பக்கத்து வீட்டுப் பிள்ளை வெள்ளை எண்டு போடச் சொன்னவள்,” என்றார்.

“நீங்கள் கண்டனீங்களோ?”

“இல்லை, தம்பி. கண்ணை மூடிக்கொண்டு மகளின்ரை சட்டை தைச்சுக்கொண்டிருந்தன். மனசுக்குள்ளை. அதையெல்லாம் சொல்லேலுமோ? விசரி எண்டுவினம்.”

அப்படியே எழுதினால் நம்புவார்களா என்று எனக்குத் தெரியாது. அதை அவரிடமும் சொன்னேன். அவர் வெற்றுக் கோப்பையை ஓரமாகத் தள்ளிவைத்தார். பிறகு, “எழுதுங்கோ,” என்றார்.

உன் எஞ்சினை மடித்து உள்ளே வைத்துவிட்டு, புதுத் தாளை எடுத்தேன். ‘சுவரை நான் பார்க்கவில்லை’ என்று முதல் வரியை எழுதினேன்.

“சட்டை என்ன துணி, அக்கா?” என்று கேட்டேன்.