தம்மாம் கரண்ட்

ரோலா, ஷார்ஜா
14.10.2005

அன்பு மகள் அருணாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் நலம், உன் அம்மாவும் நலம், ஆனால் இருவரும் ஒரே நேரத்தில் நலமாக இருப்பதில்லை. நீயும் மாப்பிள்ளை விஜயபாஸ்கரும் வயிற்றுப் பிள்ளையும் நீங்கள் குடியிருக்கும், அமெரிக்காவிலிருந்து இறக்கிய அந்த வண்டியும் சௌக்கியம் என்று நம்புகிறேன். போனிலேயே பேசியிருக்கலாம், ஆனால் நான் போனை எடுத்தால் உன் அம்மா பக்கத்தில் வந்து நிற்கிறாள், வண்டிக் கோபத்தில் உன்னோடு பேசவும் மாட்டாள், நகரவும் மாட்டாள், கார்டு தீர்வதுதான் மிச்சம். ஈமெயிலில் தமிழ் அடிக்க எனக்கு வராது, வயரிங் படம் வேறு போட்டுக் காட்ட வேண்டியிருக்கிறது, அதனால் கடிதம்.

நீ அனுப்பிய போட்டோக்கள் வந்தன. உள்ளே கட்டில், அடுப்பு, பிரிட்ஜ், குளியலறை எல்லாம் இருப்பதைப் பார்த்து எனக்குத் திருப்தி. உன் அம்மா அதை லாரி என்றுதான் சொல்கிறாள். மாப்பிள்ளைக்கு டவர் கட்டுகிற வேலை, மாதம் ஒரு ஊர், ஊருக்கு ஒரு வீடு பிடித்து மாளாது, அதனால் வீட்டையே கூட்டிக்கொண்டு போகிறார்கள் என்று எடுத்துச் சொன்னேன். “வாழைப்பழத்துல ஊசி ஏத்துற மாதிரி பேசாதீங்க, லாரியில இருந்துக்கிட்டு பிள்ளை பெத்தவளுக்கு நான் பத்தியம் வடிச்சுப் போட முடியாது, வீடுன்னு ஒண்ணைப் பிடிக்கச் சொல்லுங்க, அப்புறம் விசாவுக்கு போட்டோ எடுத்துக்கறேன்” என்று முடித்துவிட்டாள். பிரசவம் ஆஸ்பத்திரியில்தான், லாரியில் இல்லை என்றும் சொல்லிப் பார்த்தேன். மேல் வீட்டு மதீனா பீவி, மகள் எந்த ஊரில் இருக்கிறாள் என்று கேட்டபோது உன் அம்மா ஒரு ஊரைச் சொல்லியிருக்கிறாள், அடுத்த மாதம் கேட்டபோது வேறு ஊர். “அல்லாவே, மாசத்துக்கு ஒரு வீடா வாங்குறாங்க” என்று அந்தம்மா அதிசயப்பட, இவள் மறுக்கவும் இல்லை. ஊரில் ஜோசியருக்குப் போன் போட்டு வாசல் எந்தத் திசை பார்த்தால் பிரசவத்துக்கு நல்லது என்று கேட்டாள், கிழக்கு என்றார், நிறுத்துகிற பக்கம்தானே வாசல், கிழக்கே நிறுத்தச் சொல்கிறேன் என்று நான் சொன்னதற்கு அன்று முழுவதும் என்னோடும் பேச்சு இல்லை. எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தில் வைத்து வண்டிப் பூஜை போடுவதா, பால் காய்ச்சிக் குடிபோவதா, இந்த இரண்டில் எது என்று தெரியாத இடத்தில் ஒரு பிள்ளை எப்படிப் பிறக்கும் என்பது அவள் கேள்வி. தலைப்பிரசவத்துக்கு அம்மா பக்கத்தில் இல்லாமல் நீ தவித்துப் போவாயே என்பதுதான் எனக்கு எந்நேரமும் மனதில் கிடந்து அரிக்கிறது.

வண்டி விஷயத்துக்கு வருகிறேன். ஸ்டியரிங் இடது பக்கம் இருப்பது பற்றி எனக்குப் பயமில்லை, நீ ஷார்ஜாவில் ஓட்டிப் பழகினவள்தான். பயமெல்லாம் வலது பக்கம் இருக்கிற வாசல் பற்றித்தான். அமெரிக்காவில் அது நடைபாதைப் பக்கம் இறக்கிவிடும், இடது பக்கம் ஓட்டுகிற உங்கள் ஊரில் அதே வாசல் நடுரோட்டில் இறக்கிவிடும். இந்த மாதத்தில் நீ ரோட்டோரம் நிறுத்தி இறங்கவே கூடாது, உள்ளே தள்ளி நிறுத்தினால்தான் இறங்குவது. இடது பக்கம் புதிதாக ஒரு கதவு வெட்டலாமா என்று மாப்பிள்ளை கேட்டிருந்தார், அவரிடம் பணிவாகச் சொல், வேண்டாம். பக்கச் சுவரை வெட்டினால் அன்றோடு வண்டி ஆட்டம் கண்டுவிடும். பின்னால் சிவப்பாக மினுக்குகிற இண்டிகேட்டரை மஞ்சளாக மாற்றியாயிற்றா? கூரை ஓரத்துப் பூச்சை மழைக்கு முன்னால் ஒரு தடவை ஏறிப் பார்க்கச் சொல், நீ ஏறாதே. குளிரில் தண்ணீர்க் குழாய் உறைந்து வெடிக்கும் என்று எழுதியிருந்தாய். முப்பது வருஷமாக ஏ.சி. வேலை பார்க்கிறேன், இங்கே எங்கள் பாடு டேங்க் தண்ணீர் கொதிக்காமல் பார்ப்பது, உறையாமல் பார்க்கிற யாரையும் நான் பார்த்ததில்லை. அங்கே விசாரித்து, குழாய் முழுவதும் போர்த்திவிடுங்கள். கூரை மேல் இருக்கிற ஏ.சி.யை எனக்காக ஒரு தடவை போட்டுப் பாருங்கள், சும்மா இருந்தால் கெட்டுவிடும்.

முக்கியமானது கரண்ட். அமெரிக்க வண்டி என்றால் உள்ளே இருப்பது எல்லாமே 110 வோல்ட், அங்கே வெளியே வருவது 240, நடுவில் ஒரு டிரான்ஸ்பார்மர் வேண்டும், அது இருக்கிறது என்று எழுதியிருந்தாய், போட்டோவில் பார்த்தால் அது சைட்டில் டிரில் மெஷினுக்கு வைக்கிற மஞ்சள் பெட்டி. மாப்பிள்ளை வேலை செய்யும் இடத்திலிருந்து கொண்டுவந்திருப்பார், அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் அதில் இரண்டு கம்பியிலுமே கரண்ட் இருக்கும், வீட்டுக்கு ஆகாது, கொஞ்ச நேரம் ஓடி ஓய்வெடுக்கிற சாதனம், நாள் முழுக்கத் தாங்காது. ஒரு கம்பியில் மட்டும் கரண்ட் வருகிற, ஓயாமல் ஓடுகிற பெரிய பெட்டியாக வாங்கி, அங்குள்ள எலக்ட்ரீஷியனை வைத்தே மாட்டுங்கள். படம் இத்துடன் இருக்கிறது. மைக்ரோவேவைக் கழற்றிவிடு, அது நொடிக்கு அறுபது தடவை துடிக்கிற 60 சைக்கிள் கரண்டுக்குப் பிறந்தது, உங்கள் 50 சைக்கிளில் சூடாகிச் சாகும்.

இந்தப் படத்தைப் போன வெள்ளிக்கிழமை சாப்பாட்டு மேசையில் வைத்துப் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் உன் அம்மா டீ கொண்டுவந்தாள். 110 என்று நான் எழுதியிருந்ததையே பார்த்துக்கொண்டு நின்றாள். “என்னங்க இது, நம்ம தம்மாம் கரண்டா?” என்றாள். ஆமாம், அதே கரண்ட், அதே தட்டை முனை பிளக் என்றேன். டீயை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். தம்மாமிலிருந்து நாம் ஷார்ஜாவுக்குக் குடிவந்த முதல் நாள் உனக்கு நினைவிருக்கும், நான் டியூட்டி முடிந்து வருவதற்குள் மாவாட்டிவிடலாம் என்று தம்மாம் கிரைண்டரை ஒரு அடாப்டர் வைத்து இங்கத்திய 220-இல் செருகிவிட்டாள், புகை மாடிவரை போனது, ஊறப்போட்ட அரிசியை வைத்துக்கொண்டு அழுதாள். அன்றைக்குக் கட்டிப் பரணில் ஏற்றியதுதான் கூட வந்த தம்மாம் மிக்சி. விற்கவும் விடவில்லை, ஒரு டிரான்ஸ்பார்மர் வைத்துத் தருகிறேன் என்றாலும் விடவில்லை, இந்த ஊர் கரண்டே அதன் மேல் படக்கூடாது என்றுவிட்டாள்.

நேற்று டியூட்டி முடிந்து வருகிறேன், பரணுக்குக் கீழே ஸ்டூல் கிடக்கிறது, மேசை மேல் அந்த மிக்சி. ஜாருக்கு ரோலாவில் புது வாஷர் வாங்கிவந்து போட்டிருக்கிறாள். எதற்கு என்று கேட்டேன். “எதுக்கும் இல்லை, சும்மா கிடக்குதேன்னு துடைச்சேன்” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, பிரசவ லேகியத்துக்கு வேண்டிய சாமானை அரைக்க நீ அங்கே என்ன வைத்திருக்கிறாய், கையாலா இடிப்பாய் என்று சுவரைப் பார்த்துக் கேட்டாள். ராத்திரி பெட்டியில் மிக்சி கொள்ளவில்லை என்று இரண்டு பட்டுப்புடவைகளை எடுத்து வெளியே வைத்தாள். உங்கள் வண்டியின் 110-இல் அந்த மிக்சி 50 சைக்கிளிலும் ஓடும், அதில் பயமில்லை. காலையில் விசா போட்டோ எடுக்க அவளே கிளம்பிவிட்டாள்.

ஆகவே நீ செய்ய வேண்டியது, அழைப்புக் கடிதத்தை உடனே அனுப்பு, மஞ்சள் பெட்டியை அவள் வருவதற்கு முன் மாற்று. மாப்பிள்ளை சமையல் மேடைக்கு மேல் இரண்டு 240 பிளக் புதிதாக வைத்திருக்கிறாரே, அதற்கு மேல் “இது தம்மாம் கரண்ட் இல்லை” என்று தமிழில் எழுதி ஒட்டு, இங்கிலீஷில் எழுதினால் அம்மா மதிக்க மாட்டாள். அவள் கைப்பையில் எப்போதும் ஒரு அடாப்டர் கிடக்கும், அதை நான் எடுத்து என் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன், கேட்டால் உனக்குத் தெரியாது. குழந்தை பிறக்கும்வரை வண்டியை ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரே இடத்தில் நிறுத்துங்கள், முடிந்தால் கிழக்குப் பார்த்து. நேரத்துக்குச் சாப்பிடு, படியில் பார்த்து இறங்கு. உங்கள் இருவருக்கும் பிறக்கப்போகிற பிள்ளைக்கும் எங்கள் ஆசி எப்போதும் உண்டு, அந்த வண்டிக்கும் சேர்த்துத்தான்.

கடிதத்தை ஒட்டப் போகும்போது உன் அம்மா அடுப்படியிலிருந்து ஒன்று எழுதச் சொன்னாள். நீங்களாகப் பால் காய்ச்சிவிடக்கூடாதாம், அவள் வந்து காய்ச்சுவாளாம், “அந்த வீட்டுல மொத அடுப்பு என் கையாலதான்” என்றாள். வீடு என்றாள். நான் காதில் விழாத மாதிரி இருந்துகொண்டேன். நீயும் கேட்டுவிடாதே.

இப்படிக்கு,
உன் அப்பா,
கல்யாணசுந்தரம்