சுகந்தி சொன்ன வசனம்

1991 ஆவணி, செவ்வாய் இரவு.

இன்று நெல்லியடி வகுப்பில் 'இன் த நிக் ஒஃப் டைம்' என்ற ஆங்கிலத் தொடரைப் படிப்பித்தேன். இன்னும் சற்றுப் பிந்தினால் எல்லாம் கெட்டுவிடும் என்ற கட்டத்தில் உதவி வந்து சேர்வது என்று பொருள் சொன்னேன். அதை வைத்து ஒரு வசனம் சொல்லுங்கள் என்றதும் சுகந்தி எழுந்தாள்.

"ஷெல் பட்டு அப்பா செத்தாப் பிறகு, வாகனம் இன் த நிக் ஒஃப் டைம் வந்தது."

"பிந்தி வந்ததுக்கு அப்பிடிச் சொல்லேலாது, பிள்ளை" என்றேன் மெதுவாக.

"அப்பாவுக்குப் பிந்தித்தான், டீச்சர். ஆனா அம்மாவுக்கு அப்பத்தான் பிள்ளைவலி வந்தது. அந்த வாகனத்திலைதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனது. தங்கச்சி உயிரோடை பிறந்தவள்."

வசனம் சரி என்றேன். சரியாக விடை சொன்ன எந்தப் பிள்ளையையும் போல அவள் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள்.