வீட்டோடு மாப்பிள்ளை

நம் பிள்ளையின் அம்மாவுக்கு,

சதுரங்கச் சங்கத்தின் இறுதிப் போட்டியில் தோற்றுவிட்டேன். எதிரே தபால்காரர். கருப்புக் காய்களோடு அவர் ஆடியது, நம்மவன் எப்போதும் ஆடுவானே, அதே பிரெஞ்சுத் தற்காப்பு. சொந்தச் சிப்பாய்களுக்குப் பின்னால் அடைபட்டு, வேலையே இல்லாமல் உட்கார்ந்திருக்கும் மந்திரியைக் காட்டி, "வீட்டோட மாப்பிள்ளைப்பா, தொந்தரவு பண்ணாதீங்க" என்பான்.

தபால்காரரின் அந்த மந்திரியை என் யானை சுலபமாக வெட்டியிருக்கலாம். கை போகவில்லை. அடுத்த நகர்வில் அதுவே என் ராஜாவை முடித்தது.

"என்ன சார், தூக்கமா?" என்றார்.

வயசாகிவிட்டது என்றேன். மரியாதைக்குக்கூட மறுக்கவில்லை.

நம்மவன் கடைசியாக ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் பாதியில் விட்ட ஆட்டத்தை எடுத்துவைத்தால்தான் வீட்டுக்கு வருவேன் என்றாய். இன்று பலகையை மடித்துவிட்டேன். வா.

கருப்பு மந்திரி ஒன்று குறையும். அது என் சட்டைப்பையில் இருக்கிறது, தொந்தரவு பண்ணாதே.

நம் பிள்ளையின் அப்பா