பிக்கப்பின் நடுக்கம்

மொண்டானா,
செப்டம்பர் கடைசி ஞாயிறு

என் அன்பு மகள் ப்ரிட்டாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நாயும் விற்பனைக்குக் காத்திருக்கும் கன்றுகளும் நலம். பிக்கப் வண்டி மட்டும் நலமில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

உன் கடிதம் வந்தது. ராணுவப் பயிற்சி முகாமில் நுழைந்த அன்றே போனைப் பிடுங்கிக்கொண்டது ஒருவகையில் நல்லதுதான். இல்லாவிட்டால் உன் கையெழுத்தை நான் எங்கே பார்க்கப் போகிறேன்? வீட்டிலிருந்து கடிதம் வந்தால் தண்டால் எடுக்க வைக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். இந்தக் கடிதத்துக்கு எடுத்தவற்றை என் கணக்கில் எழுதிக்கொள்.

காலைக் காபியோடு அப்பா உன் கடிதத்தை உரக்கப் படிக்கச் சொன்னார். அவருடைய மூக்குக்கண்ணாடி மறுபடியும் காணாமல் போய்விட்டதாம். நிறைவு விழாவைப் பற்றிய பகுதியைத் திரும்பவும் படிக்க வைத்தார். மைதானத்தில் நீங்கள் எல்லோரும் சிலைபோல நிற்பீர்கள், சொந்தக்காரர் ஒருவர் வந்து தோளைத் தொடும்வரை இமைகூட அசையக்கூடாது என்று எழுதியிருந்தாயே, அதை. இப்போது ஊரில் காபிக் கடைக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் அது மனப்பாடம். "முந்நூறு கன்னுக்குட்டிக்கு நடுவுல என் கன்னு எதுன்னு சொல்லிடுவேன், என் பொண்ணைக் கண்டுபிடிக்க மாட்டேனா? நான்தான் தொடுவேன். க்வென் பின்னாடி வரட்டும்" என்கிறார். நான் பின்னால்தான் வர வேண்டுமாம். பெற்றவளுக்கு இதுதான் மரியாதை.

ஆனால் உன் முகாம் இருக்கும் மிசூரி வரைக்கும் எதில் வருவது? என் கார் இன்னும் பட்டறையில்தான் கிடக்கிறது. ஆகஸ்டில் அப்பா அதில் மானை மோதினார் என்று எழுதியிருந்தேன் அல்லவா. இந்தப் பக்கம் மானை மோதாதவர் யார்? யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆகவே பிக்கப்தான். அதுவோ நாற்பத்தைந்து மைல் வேகம் தொட்டதும் நடுங்குகிறது, வாயிலில் மாடு தாண்டாதிருக்கப் பதித்த இரும்புக் கம்பிகளின்மேல் ஓடுவதுபோல. காலை அழுத்தினால் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் போகிறது.

பக்கத்துப் பண்ணை மெர்ல் வந்து பார்த்தார். "ஏண்டா ஆரின், உன் வண்டிக்குக் குளிர் ஜுரமா? கன்னுக்குப் போடற ஊசியில ஒண்ணு போட்டுப் பாரேன்" என்றார். அதற்கு அப்பா, "உன் வண்டி மாதிரி என் வண்டி இறக்கத்துல மட்டும் ஓடலையேடா" என்றார். இரண்டு பேருமாகப் பேசி, ஸ்பார்க் பிளக் போய்விட்டது என்று முடிவு செய்திருக்கிறார்கள்.

நீ கிளம்பிப் போன அந்த வாரம் சும்மா இருக்க முடியாமல் கொட்டகை, சமையலறை எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தினேன். அதன் பலனாக அப்பா ஒருநாள் காபிப் பானையில் சோள மாவைக் கொட்டிவிட்டு என்மேல் எரிந்து விழுந்தார். "எல்லாம் இருந்த இடத்துல இருந்தா உனக்கு என்ன கஷ்டம்?" என்று கேட்டார். அந்தக் குரலை நான் கேட்டு வெகு காலம் ஆகிறது. உன் பிரிவுதான் அப்படி வெளிவருகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். கால் கொப்புளங்களைக் கிள்ளாதே.

எப்போதும் உன் நினைவில்,
அம்மா


மொண்டானா,
அக்டோபர், புதன்கிழமை

அன்பு ப்ரிட்டா,

விழாவுக்கு முன் உன் கையில் கிடைக்க வேண்டும் என்ற வேண்டுதலோடு இதை எழுதுகிறேன். இதைப் படித்ததை அப்பாவிடம் காட்டிக்கொள்ளாதே. ஏன் என்று முடிக்கும்போது தெரியும்.

புது ஸ்பார்க் பிளக் போட்டும் நடுக்கம் போகவில்லை. பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கும் என்றார் மெர்ல். டேங்கை வடித்தார்கள். அதற்கும் அடங்கவில்லை. போன சனிக்கிழமை அப்பா என்னைக் கூப்பிட்டு, "நீ ஓட்டு. நான் உக்காந்து கேக்கறேன்" என்றார். பக்கத்தில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். ஒரு கையை டாஷ்போர்டின்மேல் வைத்திருந்தார், சினைப் பசுவின் வயிற்றில் வைத்துப் பார்ப்பாரே, அப்படி.

"நாப்பத்தஞ்சுல நிறுத்தி வை. அழுத்தாதே. முட்டை மேல வச்ச மாதிரி காலை வை" என்றார். நடுக்கம் வந்தது. "இப்ப இடது காலால பிரேக்கைத் தொடு. பிடிக்காதே, சும்மா தொடு" என்றார். தொட்டேன். நடுக்கம் சட்டென்று நின்றுவிட்டது! காலை எடுத்தேன், கொஞ்ச தூரத்தில் மறுபடியும் வந்தது. தொட்டால் போகிறது, விட்டால் வருகிறது. ஆளில்லாத நெடுஞ்சாலையில் இதையே பலமுறை செய்து பார்த்தோம்.

அப்பா சிறு பையனைப்போலச் சிரித்தார். "பாவம், என்ஜின் மேல பழியைப் போட்டோம். கியர்பாக்ஸ்தான். வேகம் சீரானதும் உள்ள ஒண்ணு இறுக்கிப் பூட்டிக்கணும். பிரேக்கைத் தொட்டா விட்டுடும். இது பூட்டுறப்ப வழுக்குது" என்றார். இத்தனை வருடமாக ஒரு மெக்கானிக்கோடு வாழ்கிறேன் என்று தெரியாமல் போய்விட்டதே என்றேன். "தெரிஞ்சிருந்தா இன்னும் நல்லா சமைச்சிருப்பியா?" என்று கேட்டார். மகளே, அந்தப் பயணம் முடியாமல் நீண்டிருக்கக் கூடாதா என்று இப்போது தோன்றுகிறது.

வீடு வந்ததும், என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே கியர் எண்ணெயின் அளவுக் குச்சியை உருவி ஒரு வெள்ளைத் துணியில் துடைத்தார். நல்ல உச்சி வெயில். முகர்ந்து பார்த்தார். பிறகு துணியை என்னிடம் நீட்டி, "என்ன கலர்?" என்று கேட்டார்.

பள்ளியில் நான் பிள்ளைகளிடம் கேட்பதுபோல என்னைச் சோதிக்கிறார் என்று நினைத்தேன். "ஏன், உங்களுக்குத் தெரியலையா?" என்றேன் விளையாட்டாக. அவர் சிரிக்கவில்லை. துணியை நீட்டியபடியே நின்றார். சிவப்பாக இருக்க வேண்டிய எண்ணெய் அழுக்குத் தேன் நிறத்தில் இருந்தது. சொன்னேன். "டிராக்டர் ஆயில். வாசனை அதுதான். நான்தான் ஊத்தியிருக்கேன்" என்றார்.

கொட்டகைக்குள் போனார். அவர் கை நேராக இரண்டாவது தட்டின் இடது ஓரத்துக்குப் போனது, கியர் எண்ணெய் எப்போதும் இருக்கும் இடத்துக்கு. நான் ஒழுங்குபடுத்தியபோது அங்கே டிராக்டர் எண்ணெயை வைத்திருந்தேன். அந்தக் கேனின்மேல் என் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பச்சை டிராக்டர் படம் இருக்கிறது. அதை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, "இது எது, க்வென்?" என்று கேட்டார்.

அப்பா கேனைக் கீழே வைத்தார். கவிழ்த்துப் போட்டிருந்த வாளியின்மேல் உட்கார்ந்தார். "நடுவுல ஒரு கறை மாதிரி இருக்கு. ஓரமெல்லாம் தெரியுது. வேலி தெரியும், மலை தெரியும். எதைப் பாக்கணும்னு நினைச்சுப் பாக்கறேனோ, அது மட்டும் தெரியல" என்றார். எத்தனை நாளாக என்று கேட்டேன். "ப்ரிட்டா கிளம்பறதுக்கு முன்னாலயே" என்றார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா அவ போயிருக்க மாட்டா."

மான் குறுக்கே பாயவில்லையாம். சாலை நடுவில் நின்றுகொண்டிருந்ததாம்.

திங்களன்று பில்லிங்ஸில் கண் மருத்துவரைப் பார்த்தோம். பல வருடமாகக் கண்டுகொள்ளாமல் விட்ட சர்க்கரை கண்ணின் நடுப்பகுதியைத் தின்றிருக்கிறது. போனது முழுவதும் திரும்பாது, ஊசி போட்டால் மீதியைக் காப்பாற்ற வழியுண்டு என்றார். முதல் ஊசியைப் போட்டாகிவிட்டது. இனி வண்டி ஓட்டக்கூடாது என்றும் சொன்னார். மருத்துவமனை வாசலில் அப்பா சாவியைக் கேட்கவில்லை. நானே ஓட்டி வந்தேன். பாதி வழியில், "ரொம்ப வலப்பக்கம் போற" என்றார். மனிதர் தேறிவிடுவார் என்று எனக்கு அப்போதுதான் தைரியம் வந்தது.

நேற்று முழுவதும் பிக்கப்பின் அடியில் கிடந்தார். பழைய எண்ணெயை வடித்து, வடிகட்டியை மாற்றி, சரியான எண்ணெயை ஊற்றி, ஓட்டிப் பார்த்து, மறுபடி வடித்து, மறுபடி ஊற்றினோம். கேனில் எழுதியிருப்பதை நான் படித்தேன். மற்றதெல்லாம் அவர் கைகள் செய்தன. மெர்லுக்கு விஷயம் தெரியும். "ரெண்டு எண்ணெயையும் கலந்து புதுசா ஒண்ணு கண்டுபிடிக்கப் பாத்தியாடா?" என்று கேட்டுவிட்டு, நம் கன்றுகளைத் தானே சந்தைக்கு ஏற்றிப் போவதாகச் சொன்னார். நடுக்கம் நின்றுவிட்டது. இன்று காலை அறுபது மைல் வேகத்தில் காபி சிந்தாமல் ஓட்டினேன்.

ஆகவே வருகிறோம். இரண்டு நாள் பயணம், நான் ஓட்டுவேன், அவர் குறை சொல்லிக்கொண்டு வருவார். விழா முடிந்த பிறகு தானே உன்னிடம் சொல்வதாக இருக்கிறார். அதுவரை வாயைத் திறக்கக்கூடாது என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். அவர் சொல்லும்போது, முதல் தடவை கேட்பதுபோலக் கேட்டுக்கொள். திரும்பி வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிடாதே. அடுத்த பயிற்சிக்குப் போ. நீ போக வேண்டும் என்றுதான் அந்த மனிதர் கோடை முழுவதும் வாயை மூடிக்கொண்டு இருந்தார்.

ஆனால் அந்த மைதானத்தை நினைத்தால்தான் எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரே உடையில், ஒரே தொப்பியில் அத்தனை பேர் நிற்பீர்கள். உன்னால் கூப்பிட முடியாது. ஒரு அடி முன்னால் வர முடியாது. நான் உன்னை முதலில் பார்த்துவிடுவேன். ஆனால் தொட மாட்டேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடப்பேன், உன் முன்னால் வந்ததும் விட்டுவிடுவேன்.

அவர் கை நேராக உன் தோளுக்கு வராமல் போகலாம். தொப்பியில் படலாம், காதில் படலாம், வழி தெரியாமல் காற்றில் கொஞ்சம் நிற்கலாம். நீ அழுதாலும் பரவாயில்லை, சத்தம் வராமல் அழு. குனிந்து கொடுக்காதே, எட்டி வாங்காதே. அது தானாக வந்து சேரும்வரை அசையாமல் நில், என் செல்ல மகளே.

உன்னை ஆசீர்வதிக்கும்,
அம்மா