வெள்ளைச் சட்டையைக் கழற்றிவிட்டு வா

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை எழுதுவது. நாங்கள் உயிரோடு இருக்கிறோம். நீ சுகமாக இருப்பதை டிவியில் பார்த்துத் தெரிந்துகொண்டோம். நீதான் போனை எடுப்பதில்லையே. உன் பழைய படகில் வேலை பார்த்த நெட்டையன் நாளைக்குச் சின்னப் படகில் நடுக்கடலுக்கு வந்து உன் புதுக் கப்பலில் ஏறுகிறானாம், அவன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். படிக்காமல் பையில் வைத்துக்கொண்டு திரியாதே.

அந்த டிவி இப்போது இல்லை. கடலில் நிற்கிற காற்றாலைகளுக்குப் புதுக் கப்பல் வந்திருக்கிறது என்று செய்தியில் காட்டினார்கள். அலை எப்படிப் புரட்டினாலும் அசையாத பாலம் ஒன்று அதில் இருக்கிறதாம். ஆட்கள் கடைத்தெருவுக்குப் போவதுபோலக் காற்றாலைக்கு நடந்து போகிறார்கள். பக்கத்தில் கேப்டனாக நீ, வெள்ளைச் சட்டையில், பல்லெல்லாம் தெரிய. உன் மாப்பிள்ளை ஊன்றுகோலைத் தூக்கி எறிந்தார். டிவி நொறுங்கியது. ஒரு சில்லு பறந்து வந்து என் புருவத்தைக் கிழித்தது. ரத்தம் கண்ணை மறைக்க, அவர் கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டேன். கல்யாணமாகி இதுதான் முதல் தடவை. எனக்குத்தான் கை இன்னும் வலிக்கிறது.

அதற்கு முன்னால் கம்பெனி அதிகாரி ஒருவர் பழக்கூடையோடு வந்தார். கவனமாகக் கால் வைத்திருக்கலாமே என்று ஆரம்பித்தார், பாவம். உன் மாப்பிள்ளை எறிந்த கூடை அவர் முகத்துக்கே போனது. மூக்குடைந்து படியில் விழுந்தவரை நான்தான் தூக்கி வண்டியில் ஏற்றினேன்.

உன் மாப்பிள்ளைக்குக் கால் போன அன்றைக்கு நடந்தது எனக்கு நெட்டையன் சொல்லித்தான் தெரியும். நீ படகின் மூக்கைக் காற்றாலைத் தூணில் முட்டவைத்து, எஞ்சினை முழுசாக விட்டு அழுத்திப் பிடித்திருந்தாயாம். இவர் படகிலிருந்து தூணின் ஏணிக்குக் கால் எடுத்து வைக்கவும் பேரலை ஒன்று வரவும் சரியாக இருந்ததாம். மூக்கு வழுக்கி மேலே எகிறி, இவர் காலை ஏணியோடு சேர்த்து நசுக்கியதாம். எலும்பு நொறுங்கியது எஞ்சின் சத்தத்தையும் மீறிக் கேட்டதாம். நீ படகைப் பின்னால் எடுத்தபோது முழங்காலுக்குக் கீழே ஒன்றும் மிச்சமில்லை. அலை அடிக்கும்வரை நீ எஞ்சினைத் தளர்த்தவே இல்லை என்று நெட்டையன் சத்தியம் செய்கிறான்.

உன் மாப்பிள்ளையும் அதைத்தான் சொன்னார். மச்சான் மேல தப்பில்ல, கடல் அடிச்சிடுச்சுன்னு மயக்கத்திலேயே புலம்பினார். ஆஸ்பத்திரியில் கதவு திறந்தபோதெல்லாம் தலையைத் தூக்கிப் பார்த்தார். நர்ஸ் வந்தாள், டாக்டர் வந்தார், கூட்டுகிறவள் வந்தாள். நீ வரவில்லை.

எனக்கு உன்னைத் தெரியாதா? சின்ன வயதில் ஜன்னல் கண்ணாடியை உடைத்துவிட்டுக் கட்டிலுக்கடியில் ஒளிந்தவன்தானே நீ. அப்போதும் அடி வாங்கியது நான்தான்.

இப்போது பொய்க்கால் வைத்திருக்கிறார்கள். தினமும் துறைமுக வாசல்வரை நடக்கிறார். ஆள் தேறிவிட்டார் என்று எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். நேற்று அவர் பையைத் துவைக்க எடுத்தேன். உள்ளே காற்றாலை போல்ட்டை முடுக்குகிற பெரிய ஸ்பேனர். எதுக்கு என்று கேட்டேன். உங்க அண்ணன் மண்டையைப் பொளக்கத்தான், கப்பல் கரைக்கு வரட்டும் என்றார். விளையாட்டுக்குச் சொல்கிற முகமில்லை அது.

கரையில் இறங்காதே என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத எழுத மனசு மாறிவிட்டது. எத்தனை நாள் ஒளிவாய்? உன்னைக் கொன்றுவிட்டு அவர் ஜெயிலுக்குப் போனால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

ஸ்பேனரைக் கடலில் வீசிவிட்டேன். அவர் கையை எங்கே வீசுவது? கப்பல் வரும் அன்று வாசலில் அவரோடு நானும் நிற்பேன். பின்பக்கமாக நழுவாதே, நேரே எங்களிடம் வா. வெள்ளைச் சட்டையைக் கழற்றிவிட்டு வா. அடி விழும். தடுக்காதே, வாங்கிக்கொள். அடித்து ஓய்ந்ததும் கட்டாயம் அழுவார். அந்த நேரம் எழுந்து போய்விடாதே, அண்ணா. அழுத்திப் பிடித்துக்கொள். தளர்த்தாதே.

நீ முழுசாக வந்து சேரவேண்டும் என்று வேண்டிக்கொள்கிற,
உன் தங்கை