எழுந்து நிற்காத பெண்

12-7-91, வெள்ளி. ஆவடி.

உதவித்தொகைப் பதிவேட்டோடு குமாஸ்தா வகுப்பு வகுப்பாகப் போய், "எஸ்.சி. பிள்ளைங்கள்லாம் எழுந்து நில்லுங்க" என்கிறாராம். நான் இந்தக் கல்லூரிக்குப் பிரின்சிபாலாகி ஒரு மாதம். இன்றுதான் காதுக்கு வருகிறது. சேக்காட்டிலிருந்து வரும் மாலா மட்டும் எழுந்திருக்கவில்லை, கையெழுத்தும் போடவில்லை. அறைக்குக் கூப்பிட்டு ஏன் என்று கேட்டேன்.

"எல்லார் எதுர்லயும் எய்ந்து நிக்கணும்னா அந்தத் துட்டே வேணாம் மேடம்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "துட்டு வேணாம்னா படிப்பு இன்னா ஆவும்? நானும் மூணு வருசம் எய்ந்து நின்னவதான்!"

இருபது வருஷமாக ழகரத்தைக் கட்டிக் காத்த நாக்கு, ஒரே நொடியில் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டது. மாலா என்னையே பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள். எனக்கும் அடக்க முடியவில்லை.

குமாஸ்தாவைக் கூப்பிட்டேன். இனி வகுப்பில் யாரையும் எழுப்பக் கூடாது, பிள்ளைகள் என் அறைக்கு வந்து, நாற்காலியில் உட்கார்ந்து கையெழுத்துப் போடட்டும் என்றேன். அவர் முகம் சுருங்கியது. சுருங்கட்டும். முதல் கையெழுத்தை மாலாவே போட்டாள்.

"வர்ட்டாக்கா?" என்றவள் வாசலில் நாக்கைக் கடித்துக்கொண்டு, "மேடம்" என்று திருத்தினாள்.

திருத்தாமல் போயிருக்கலாம், கழுதை.