தேய்த்திருக்கக் கூடாத பலகை

மொன்றியல்
2024 நவம்பர் 9, சனிக்கிழமை, பின்னேரம் 4.10
இன்று தேய்த்த பலகைகள் நாற்பத்திரண்டு. தேய்த்திருக்கக் கூடாதது ஒன்று.

அன்புள்ள சாம்பவிக்கு,

நலம் விசாரித்துச் சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது. நீர் ரொறன்ரோவில் அக்கா வீட்டுக்குப் போய் இருபத்து மூன்று நாள். நான் எடுத்த பதினேழு அழைப்புக்கும் பதில் இல்லை. அதனால்தான் கடிதம்.

சனிக்கிழமைகளில் நான் வேலைக்குப் போகும் ரயில் அருங்காட்சியகத்தில் மரத்தாலான ஒரு ரயில் பெட்டி நிற்கிறதல்லவா, 1912இல் செய்தது. பால் பானைகளும் பள்ளிப் பிள்ளைகளுமாக நகரத்துக்கும் பக்கத்து ஊர்களுக்கும் நாற்பது வருடம் மின்சாரத்தில் ஓடியது. பாதையை மூடியதும் ஒரு குடும்பம் அதை வாங்கி, ஏரிக்கரையில் கோடை வீடாக்கியது. சன்னல் சட்டத்தில் திரைச்சீலை ஆணிகள் இன்னும் இருக்கின்றன. கையில் கிடைத்த நிறத்தையெல்லாம் அடித்திருக்கிறார்கள். ஓடிய காலத்து நிறம் கதவோரப் பலகையில் உள்ளங்கை அளவுதான் மிஞ்சியிருந்தது, அதுவும் அழுக்கேறி என்ன நிறமென்று தெரியாமல். பழைய படங்கள் எல்லாம் கறுப்பு வெள்ளை. வருகிற திங்கட்கிழமை அந்தப் பூச்சில் மாதிரி எடுத்துச் சோதிக்க ஆள் வர இருந்தது. குழுத் தலைவர் ஹென்றி, தொடக் கூடாதென்று அந்த இடத்தைச் சுற்றி நாடா ஒட்டியிருந்தார்.

நாடா கழன்று கிடந்தது என்று முதலில் எழுதி, வெட்டிவிட்டேன். கழற்றியது நான். மற்றப் பலகைகள் வழுவழுப்பாக இருக்க இது மட்டும் சொறி பிடித்ததுபோலத் தெரிந்தது. மாதிரி எடுத்தாயிற்று என்று நானே முடிவு செய்தேன். கேட்கவில்லை; நாடாவில் எழுதியிருந்த திகதியையும் பார்க்கவில்லை. தேய்க்கும் இயந்திரத்துக்கு நாற்பது விநாடி வேலை. தூசிப் பையைத் தாளில் கொட்டிப் பார்த்தேன். எல்லா நிறமும் கலந்து சாம்பல்.

அது பச்சைதான் என்று சத்தியம் செய்பவர் ஹென்றி. நானும் பச்சையைக் கண்டேன் என்று சொன்னால் கட்டிப்பிடித்துவிட்டு உடனே பெயின்டுக்கு ஓடர் கொடுப்பார். பெட்டி இன்னும் நூறு வருடம் பச்சையாகவே நிற்கும். ஒருவருக்கும் தெரியாது.

அப்போதுதான் எங்கள் சின்ன அறை நினைவுக்கு வந்தது. நீர் ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு வருவதற்குள் மஞ்சள் சுவருக்கு வெள்ளை அடித்தேன், தொட்டிலையும் கழற்றினேன். உதவி என்றுதான் நினைத்தேன். நீர் வாசலில் நின்று, ஆரைக் கேட்டு அடிச்சனீங்கள் என்று மட்டும் கேட்டீர். நான் இரண்டு கோட் அடித்த கணக்கைச் சொன்னேன்.

ஜான்-டலோன் சந்தையில் கத்தரிக்காய் வாங்கினேன்; சமைக்காமலே வாடிவிட்டது. அங்கேயும் குளிர் தொடங்கிவிட்டது என்று கேள்வி. உடம்பைப் பார்த்துக்கொள்ளும்.

இனிச் செய்யப் போவது:

1. இதை மடித்ததும் ஹென்றிக்கு அழைப்பு எடுத்து, அழித்தது நான் என்று சொல்வது.
2. ரயில் பெட்டிக் கதவின் இலக்கத் தகட்டைக் கழற்றிப் பார்க்க அவரிடம் அனுமதி கேட்பது. அதற்குப் பின்னால் பழைய பூச்சு தப்பியிருக்கலாம். கையால் மட்டும், அவர் பக்கத்தில் நிற்க.
3. வீட்டுக்குப் போய்ச் சின்ன அறைச் சுவிட்சின் மூடியைக் கழற்றுவது. அன்று இருந்த அவசரத்தில் அதைக் கழற்றாமல்தான் அடித்தேன். பின்னால் மஞ்சள் இருக்கும்.
4. அதைத் தொடாமல் விடுவது.
5. இனி அழைப்பு எடுக்காமல் இருப்பது, நீராக எடுக்கும் வரை. கதவுப் பூட்டை மாற்றவில்லை. உம்மிடம் உள்ள திறப்பு போதும்.

பிருந்தன்